சரணடைஞ்சு போடுங்க

வீடியோ கேம் தொழிலுக்குள் நான் போர்வை வழியாக நுழைந்தவன். சிரிக்காதீர்கள். சென்னிமலையில் தறிக்காரர்களுக்குப் போர்வை டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிறம் தீட்டி மயில், தாமரை, தேர் என்று வரைய வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் ஒருவர் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யப்போவதாகச் சொல்லிப் படம் போட ஆள் தேடினார். திரையிலும் படம் கட்டம் கட்டமாகத்தான் இருக்கிறது, போர்வைக்காரன் போதும் என்று அவருக்கு எப்படியோ தோன்றியிருக்கிறது. என் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கே வந்துரு கண்ணு" என்றார்.

அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எஞ்சினியரிங் படித்தவர். சின்னதாக ஒரு நூல் மில் வைத்திருந்த குடும்பம். மகன் மில்லில் வந்து உட்கார வேண்டும் என்பது அவருடைய அப்பாவின் ஆசை. அண்ணாவுக்கு மில் என்றாலே ஆகாது. கடைசியில் அப்பா நூல் குடோனின் மாடியை ஒழித்துக் கொடுத்து, ஒரு கெடுவும் வைத்தார். தீபாவளிக்குள் அந்த விளையாட்டை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரை மூட்டை கட்டிவிட்டு மில்லுக்கு வந்துவிட வேண்டும். சரி என்று அண்ணா ஒப்புக்கொண்டு, புரோகிராம் எழுத உட்கார்ந்துவிட்டார்.

கதை இதுதான். வேற்றுக்கிரகப் படை ஒன்று தொண்டாமுத்தூர் தென்னந்தோப்பில் இறங்குகிறது. தோப்புக்காரர் மகன் தனியாளாக நின்று அதை அடித்து விரட்டுகிறான். கதாநாயகன் முகத்துக்கு வேறு ஆளுக்கு எங்கே போவது? அண்ணாவின் போட்டோவைப் பார்த்து நானே கட்டம் கட்டமாகத் தீட்டினேன். மீசை மட்டும் நன்றாக வந்தது. மற்றதெல்லாம் போர்வைதான். குண்டு வெடித்தால் தாமரை விரியும். விண்கலத்துக்கு நான்கு பக்கமும் போர்வைக்குப் போடுகிற மாதிரி கரை போட்டுவிட்டிருந்தேன். கைப்பழக்கம், என்ன செய்ய! அண்ணா ஒரு வார்த்தை திட்டவில்லை. "நம்மூருக்கு வர்ற கப்பல்னா கரை இருக்கத்தான செய்யும்" என்று சிரித்தார். அப்போதே நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்கு இன்று இத்தனை உறுத்தாது.

படமெல்லாம் முடிந்த பிறகு எதிரித் தளபதிக்குக் குரல் வேண்டியிருந்தது. எனக்குக் கட்டைக்குரல். "நீயே பேசிப்போடு கண்ணு" என்று என்னை நூல் மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்தார் அண்ணா. அங்கே எதிரொலி கேட்காது. மைக்கைத் தானே பிடித்துக்கொண்டு எனக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார். நான் பேச வேண்டிய வசனம், 'டேய்! உன்னைச் சுற்றி வளைத்துவிட்டோம்! சரணடை!'

யாரைப் பார்த்து? திரையில் அண்ணா முகம். மைக்குக்குப் பின்னாலும் அண்ணா முகம். எனக்குச் சம்பளம் கொடுக்கிற மனுசன், மத்தியானம் தன் டிபன் கேரியரில் பாதியை என் தட்டில் தள்ளுகிற மனுசன். வாயைத் திறந்தால் 'டே' வரைக்கும் வருகிறது. 'ய்' வரமாட்டேன் என்கிறது.

"ஆவாதுங்ணா. வாய் வர மாட்டீங்குது."

"அட, என்ற மூஞ்சின்னு நெனைக்காத கண்ணு. யாரோ அசலூர்க்காரன்னு நெனச்சு மொறைச்சுச் சொல்லு."

"அசலூர்க்காரரா இருந்தா இன்னும் எப்படிங்ணா டேய்ங்கறது?"

அவர் யோசித்தார். "அதுஞ் செரிதான்" என்றார். அங்கேதான் நாங்கள் இரண்டு பேரும் கெட்டோம். வசனத்தை என் வாய்க்கு வருகிற மாதிரி மாற்றினோம். நான் கண்ணை உருட்டிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினேன். போட்டுக் கேட்டபோது எனக்கே மயிர் கூச்செறிந்தது. "பயமாத்தான் இருக்குது கண்ணு" என்றார் அண்ணா. சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் காதுக்கு அதில் ஒரு குறையும் படவில்லை.

தீபாவளி நெருங்கியபோது சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். விளையாட்டு சி.டி. வெளியிடுகிற கம்பெனிக்காரர். அண்ணாவின் அப்பாவும் மாடியேறி வந்து பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். விளையாட்டு ஓடத் தொடங்கியது. கரை போட்ட விண்கலம் தோப்பில் இறங்கியது. சென்னைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு பார்த்தார். தளபதி வெளியே வந்தார். பாருங்கள், இன்றைக்கும் எனக்கு 'வந்தான்' என்று எழுத வரவில்லை. ஸ்பீக்கர் அதிர என் குரல் கேட்டது.

"ஏனுங்க! சுத்தி வளைச்சுட்டோமுங்க! மருவாதியா சரணடைஞ்சு போடுங்க! இல்லீன்னா அழிச்சுப்போடுவமுங்க!"

சென்னைக்காரர் மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். "என்ன சார் இவன், ஊரை அழிக்க வந்தானா, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தானா?" என்று கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் தோற்றுப்போகிற தளபதி, திரும்பி வருவேன் என்று மிரட்டிவிட்டுப் போக வேண்டும். "வாரேனுங்க!" என்று கர்ஜித்துவிட்டு அவர் விண்கலத்தில் ஏறினார். விருந்தாளி சாப்பிட்டுக் கைகழுவி விடைபெறுவது போலத்தான் இருந்தது. சென்னைக்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அண்ணாவின் அப்பாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "இதுல சிரிக்க என்னங்க இருக்குது? செரியாத்தான பேசறாரு?" என்று கேட்டார். சென்னைக்காரர் விளக்கிச் சொன்னதும் அவரும் தொடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரிப்போடு சிரிப்பாக மகனைப் பார்த்துச் சொன்னார், "அவங்கதான் அத்தனை மரியாதையாக் கேக்கறாங்களே. சரணடைஞ்சு போடு கண்ணு. நாளைக்கு மில்லுக்கு வந்துரு."

அண்ணா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவர் முகம், நான் தீட்டிய மீசையோடு, ஜெயித்துவிட்டு நின்றது. எனக்கு அந்த நூல் மூட்டைகளுக்குள் புதைந்துகொள்ளலாம் போல இருந்தது.

விளையாட்டு வேண்டாம் என்றார் சென்னைக்காரர். "ஆனா இந்தக் குரல் வேணும். குழந்தைங்களுக்கு ஒரு காமெடி சி.டி. பண்றோம். தம்பியை அனுப்பி வைங்க" என்றார். முடியாது என்று நான் அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையே! வயிற்றுக்குள் குபுக்கென்று ஒரு சந்தோஷம் பொங்கியது. வெட்கங்கெட்ட சந்தோஷம். அண்ணாவைக் கவிழ்த்த வாய்க்குச் சென்னையில் வேலை. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "போகட்டுங்க, நல்லா வருவாப்ல" என்று எனக்காக அண்ணாவே பதில் சொன்னார்.

நான் கிளம்பிய நாளில் மில்லிலிருந்து நேராக வந்து, ஸ்கூட்டரில் என்னைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். தலைமுடியெல்லாம் பஞ்சு. பையை என் கையில் கொடுத்தார்.

"ஏதாச்சும் திட்டுங்ணா" என்றேன்.

"திட்டறதுக்கு என்னங்க இருக்குது. ஒடம்பப் பாத்துக்குங்க. போயிட்டு வாங்க."

என்னிடம் அவர் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. கண்ணு என்பார், வா என்பார், போ என்பார். 'டேய்' என்று ஓர் அறை விட்டிருந்தால் கன்னத்தைத் தடவிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

பஸ் நகர்ந்தது. ஜன்னலில் தலையை நீட்டினேன். ஊரில் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன்.

"வாரேனுங்ணா!"

அதே கட்டைக்குரல். அண்ணாவுக்கும் அது கேட்டிருக்கும். கையை மட்டும் உயர்த்தினார், சிரிக்கவில்லை. நான் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.