நானாவின் கடையில் நான் வைத்த நெருப்பு

நெருப்பு வைப்பதுதான் என் தொழில். மாப்பிள்ளை வீட்டாரிடம் இப்படிச் சொன்னால் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போய்விடுவார்கள் என்று உம்மா திட்டுவார். கண்டி நகரத்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில், விளம்பரப் படம் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. கோப்பையிலிருந்து பால் துள்ள வேண்டுமா, கார் சேற்றைக் கிழித்துக்கொண்டு பாய வேண்டுமா, வீடு பற்றி எரிய வேண்டுமா, எல்லாவற்றையும் கம்பியூட்டருக்குள் நான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ரோட்டுச் சோதனைகள் நின்றுவிட்டன, இனி நிம்மதிதான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். நானும் நம்பினேன்.

தீயணைக்கும் கருவி ஒன்றுக்கு விளம்பரம் செய்யும் வேலை வந்தது. ஒரு கடை எரிய வேண்டும். முதலில் மாதிரி ஒன்று செய்து காட்டச் சொன்னார்கள். யாருடைய கடையை எரிப்பது? முன்பின் தெரியாதவரிடம் போய், உங்கள் கடையைப் படம்பிடித்து நெருப்பு வைக்கப் போகிறேன் என்று கேட்டால் செருப்பைக் கழற்றுவார். என் அண்ணனுக்கு, எங்கள் நானாவுக்கு, நகரத்துக்கு வெளியே குண்டசாலையில் மெத்தைக் கடை இருந்தது. வாப்பா மவுத்தாகும்போது எங்களுக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். என் படிப்பு, உம்மாவின் மருந்து, நானாவின் பிள்ளைகளின் சோறு எல்லாம் அந்த மெத்தைகளிலிருந்து வந்தவை. அனுமதி கேட்கத் தேவையில்லாத கடை எனக்கு அது மட்டும்தான், அதனால் அதையே எரித்தேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பேக்கரி. அதன் படியில் கமராவை வைத்துத்தான் கடையைப் படம்பிடித்தேன். பேக்கரிக்காரர் சிங்களவர், நானாவோடு ஒரே வகுப்பில் படிக்காத குறையாகச் சிறு வயதிலிருந்தே சிநேகம். கமரா ஆடுகிறது என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டு, பாண் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கீழே முட்டுக் கொடுத்தார்.

கம்பியூட்டரில் நெருப்பை யாரும் வரைவதில்லை. எந்த இடத்தில் சூடு, எரிவதற்கு எவ்வளவு இருக்கிறது, காற்று எந்தப் பக்கம், புகை எவ்வளவு உயரத்தில் கரைய வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். பிறகு அது தன்பாட்டில் கணக்குப் போட்டு எரியத் தொடங்கும், நாம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதுதான். என் முதல் நெருப்பு கல்யாண வீட்டுச் சோடினைத் துணி மாதிரி ஆடியது. சனியன் பிடித்தது, எங்கே பிழை என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் பிடிபட்டது. நெருப்பு எரிகிறது, ஆனால் ரோட்டில் வெளிச்சம் விழவில்லை. பக்கத்துச் சுவர் சிவக்கவில்லை. பெயர்ப்பலகைக்கு முன்னால் காற்று நெளியவில்லை. அவற்றையும் சேர்த்து மறுபடி ஓடவிட்டபோது நானே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன். அதோடு கூடவே, வெட்கம்கெட்ட ஒரு சந்தோஷமும் வந்தது, இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

வீட்டில் காட்டினேன். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எனத்துக்கு இந்த வேல? நல்லாருக்கிற கடைக்கு நெருப்பு வெக்கிறியா? எனக்குப் பாக்க ஏலாது, அழி அத!"

"சும்மா இருங்க உம்மா," என்றார் நானா. "இன்னொருக்கா போடு தங்கச்சி. யா அல்லாஹ், எரியிற எரிப்பப் பாரேன்! நாலாம் நம்பர் மெத்தையெல்லாம் போச்சு!"

விழுந்து விழுந்து சிரித்தார். தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொன்னார். கடைக்கு வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டி, "என்ட தங்கச்சிட வேல" என்று பெருமையடித்தார். கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பியும் கொடுத்தார். பேக்கரிக்காரருக்கு அது விளையாட்டாகவே போய்விட்டது. காலையில் பாண் அடுப்பை மூட்டிவிட்டு அந்தப் படத்தை நானாவுக்கே திருப்பி அனுப்புவார். முதலாளி, இன்றைக்கும் உங்கள் கடை எரிகிறது, எழும்பி வாருங்கள் என்பதுதான் அதன் பொருள். நானாவுக்கு அதைப் பார்த்தால்தான் விடியும்.

அதற்குப் பிறகு காலம் கெட்டது. பக்கத்து ஊரில் ஒரு சில்லறைச் சண்டையில் அடிபட்ட சிங்களவர் ஒருவர் இறந்துபோனார். அடித்தவர்கள் எங்கள் முஸ்லிம் ஆட்கள் என்று பேச்சுக் கிளம்பியது. மெத்தை கேட்டு முற்பணம் கொடுத்தவர்கள் வந்து, இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள், முகத்தைப் பார்க்காமல். ஊருக்குப் பழக்கமில்லாத பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் மெதுவாகப் போனார்கள். அவர்கள் கடைகளைப் பார்க்கவில்லை, கடைகளின் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு போனார்கள். வேலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பியிருந்தேன். அந்த நாட்களில் சாப்பாடே இறங்கவில்லை.

அப்போதுதான் என் நெருப்பு எனக்கே வந்து சேர்ந்தது. தெரியாத ஒரு எண்ணிலிருந்து, அதே கடை, அதே சுவாலை. அடியில் சிங்களத்தில் ஒரு வரி: குண்டசாலையில் தொடங்கியாயிற்று.

யாரோ அதைச் செய்தியாக்கி ஊர்முழுக்க விட்டிருக்கிறான். மூதேவி, அவனுக்கு என்ன கேடு? இன்னும் தொடங்காத ஒன்றைத் தொடங்கியதாகச் சொன்னால், மற்ற இடங்களில் கைகட்டிக்கொண்டு இருப்பவர்களும் எழுந்து வருவார்கள் அல்லவா? நானாவிடம் ஓடினேன். அவர் கடை வாசலில் இறங்கி நின்று, ரோட்டால் போகிறவர்களை மறித்து மறித்துச் சொன்னார், இது கம்பியூட்டர் வேலை, இதோ கடை, ஒரு கீறல் இல்லை, வந்து தொட்டுப் பாருங்கள் என்று. தொண்டை கட்டும்வரை சொன்னார். பேக்கரிக்காரரும் கூட நின்று சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிலர் கடையை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்கள், அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு நகரத்தில் இருக்கும் மாமி வீட்டுக்குக் கிளம்பினோம். மெத்தைகளை ஏற்ற லொறிக்காரர் யாரும் வரவில்லை. நானா ஷட்டரை இழுத்துப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஷட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"நான் இங்கதான் இருக்கேன் முதலாளி," என்று பேக்கரிக்காரர் சிங்களத்தில் சொன்னார். "என் கண்ணு முன்னாலதான கடை இருக்கு. நீங்க உம்மாவக் கூட்டிட்டுப் போங்க."

அன்று மாலையே ஊரடங்குச் சட்டம் போட்டுவிட்டார்கள்.

மாமி வீட்டில் ஒரே அறையில் அடைந்து கிடந்தோம். நானாவின் கைப்பேசி அடங்காமல் அலறிக்கொண்டிருந்தது. தெரியாதவர்கள் அழைத்துக் கெட்ட வார்த்தை பேசினார்கள். அடுத்தது நீதான் என்று ஒருவன் சொன்னதை உம்மாவும் கேட்டுவிட்டார். நானா கைப்பேசியின் சத்தத்தை முழுதாக அடக்கி, அலுமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டார். நல்ல வேலை செய்தீர்கள் என்று நான்தான் சொன்னேன்.

காலையில் வெயில் முற்றத்துக்கு வந்த பிறகு, மாமி தேத்தண்ணி கொடுத்தார். நானா அப்போதுதான் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததைக் கண்டு உம்மாவும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த மனுசனப் பாரேன் தங்கச்சி! இந்த நேரத்திலயும் பகிடிதான். இன்டக்கிம் கடைய எரிச்சு அனுப்பீக்கி."

சிரித்தபடியே என்னிடம் நீட்டினார். பேக்கரிக்காரர் அனுப்பிய படம். அதே கடை, அதே படியிலிருந்து, அதே பக்கம். ஷட்டரின் அடியில் நெருப்பு. நான் செய்த நெருப்பு பெயர்ப்பலகைவரை எழுந்து, செம்மஞ்சளாக அழகாக எரியும். இதில் நெருப்பு சின்னதுதான். ஆனால் ஷட்டரின் இடுக்குகளால் கறுப்புக் கறுப்பாகப் புகை தள்ளிக்கொண்டு வந்து, பாதிப் படத்தை மூடியது. மெத்தைப் பஞ்சு உருகிச் சொட்டுச் சொட்டாக ரோட்டில் விழுந்து, விழுந்த இடத்திலும் எரிந்தது. அப்படிச் சொட்டும் நெருப்பைச் செய்ய எனக்குத் தெரியாது.

"நானா," என்றேன். "இது நான் செஞ்சதில்ல."

"போ புள்ள, ஒன்ட..."

"நான் செஞ்சதில்ல நானா!"

என் படத்துக்குச் சத்தம் கிடையாது. சத்தம் சேர்ப்பது வேறு ஆளின் வேலை. கைப்பேசியின் சத்தத்தைக் கூட்டினேன். முதலில் இருமல். பிறகு ஓடுகிற காலடிகள், தகர வாளிகள் இடிபடும் சத்தம், அதற்குள் பேக்கரிக்காரரின் குரல், மூச்சிரைக்க.

"முதலாளி, கோல் எடுங்க! பின் கதவுத் திறப்ப எங்க வச்சீங்க? தண்ணியோட நிக்கிறோம், கதவு இரும்பு, உடைக்க முடியல்ல. திறப்பு எங்கன்னு மட்டும் சொல்லுங்க முதலாளி!"

உம்மா என் முகத்தையும் நானாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படம் விடியுமுன், சுபஹுத் தொழுகை நேரத்தில் வந்திருந்தது. அதற்கு முன்னும் பின்னும் பேக்கரிக்காரர் எடுத்த அழைப்புகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, வேறு எண்களின் வசவுகளுக்கு நடுவே கிடந்தன. நாங்கள் அதே அறையில் தூங்காமல் படுத்துக்கொண்டு, அலுமாரியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்.

நானா என் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கினார். விரல் இரண்டு தடவை தவறியது. அந்தப் பக்கம் எடுத்ததும், சலாமும் இல்லை, ஒன்றும் இல்லை, தமிழிலேயே கத்தினார்.

"டேங்குக்குக் கீழ! பின்னால தண்ணி டேங்குக்குக் கீழ ஈக்கி!"

பிறகு நினைவு வந்து, அதையே சிங்களத்தில் சொன்னார். மறுபடியும் சொன்னார். நானா சொல்லி நிறுத்தும்வரை பேக்கரிக்காரர் காத்திருந்தார் போலிருக்கிறது.

"இப்ப அது தேவையில்ல, முதலாளி," என்றார்.