இளவரசரைப் பற்றி யாரும் சொல்லாதது

1. ரிஜெக்ட் ஆன பேட்ச்

சரவணம்பட்டியில எங்க ஆபீஸ்ல எனக்கு வேலை கியூ.சி. மத்தவங்க எழுதினதை மூலத்தோட ஒப்பிட்டுத் தப்புப் பிடிக்கறது. பிடிச்சுப் பிடிச்சே எனக்கு வாய் நீண்டுபோச்சுன்னு சொல்லுவாங்க. புதுசா சேர்ற பிள்ளைகள் என் சீட்டைச் சுத்திக்கிட்டுத்தான் போகும். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதறேன்.

ஒரு வெளிநாட்டு ஆவணக் காப்பகத்தோட வேலை வந்துச்சு. ரெண்டு உலகப் போருக்கும் நடுவுல, கடல் தாண்டி ஒரு ராஜ்ஜியத்துல இருந்த தூதர் தன் அரசாங்கத்துக்கு அனுப்பின ரகசிய அறிக்கைகள். அரண்மனையில என்ன நடக்குது, ராஜா யார் பேச்சைக் கேட்கறார், அடுத்துப் பட்டத்துக்கு வர்றவர் எப்படிப்பட்டவர், இதையெல்லாம் பார்த்துச் சொல்றது அந்தத் தூதரோட வேலை. எந்த நாடுன்னு வெளிய சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கறேன், அதனால கேட்காதீங்க. ஒவ்வொரு அறிக்கைக்கும் மூணு வரியில சுருக்கம் எழுதணும். முதல்ல சாம்பிளுக்கு ஒரு பேட்ச். அது பாஸானாத்தான் மீதி வேலை நமக்கு.

சாம்பிள் பேட்சை எழுதினது நூர்ஜகான். கோட்டைமேட்டுக்காரி. எங்க டீம்லயே இங்கிலீஷ் சுத்தமா எழுதறவ. அந்த வாரம் அவளுக்குக் கால் தரையில பாவலை. மக நஸ்ரினுக்கு, சத்தின்னு நாங்க சொல்ற சத்தியமங்கலத்துல மாப்பிள்ளை அமைஞ்சு, ஞாயித்துக்கிழமை நிச்சயம். அவ கொழுந்தன் நேர்ல போய் விசாரிச்சுட்டு வந்தாராம். கேட்ட பக்கமெல்லாம் நல்லவிதமாத்தான் சொன்னாங்களாம்.

பேட்ச் மொத்தமும் திரும்பி வந்துச்சு. காப்பகத்து அம்மா ஒரு குறிப்பும் எழுதியிருந்தாங்க. உங்க சுருக்கத்தைப் படிச்சா அந்த அரண்மனையில இருக்கறவங்க எல்லாரும் உத்தமர்களாத் தெரியறாங்க, தூதர் அப்படி எழுதலையேன்னு.

எங்க முதலாளி தாமோதரசாமி, மில்லு நடத்தின குடும்பம். எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. "ஏனுங் கனகாம்மா, நீங்களே உக்காந்து ஒரு பார்வை பார்த்துப்போடுங்க" அப்படின்னார். அவ்வளவு மெதுவா அவர் பேசினா நிலைமை மோசம்னு அர்த்தம்.

2. தூதர்

மூலத்தை எடுத்துப் படிச்சேன். ஒரு மணி நேரத்துல முடிச்சுடலாம்னு உக்காந்தவ, சாப்பாட்டை மறந்துட்டேன்.

என்ன மனுசன் அவர். ராஜாவைக் கிட்டப் பார்க்கறதே விசேஷ நாள்லதான். ஆனா சர்ச் பூசைக்கு யார் எந்த இடத்துல நின்னாங்க, எந்த மந்திரி சிரிச்சப்போ யார் சிரிக்கலை, எந்த டாக்டரோட கார் பின்வாசல்ல நின்னுச்சு, அத்தனையும் கண்ணுல பட்டிருக்கு. ராஜா வேட்டைக்குப் போயிருக்கார்னு அந்த ஊர் பத்திரிகை எழுதுது. இவர் எழுதறார், வேட்டை நாய்கள் எல்லாம் அரண்மனைக்குள்ளயே குரைச்சுட்டிருக்கு, ஆக ராஜா படுக்கையிலதான் இருக்கணும்னு. இத்தனை வருசமா அடுத்தவங்க எழுத்தைப் படிக்கறவ நான், இப்படி ஒரு கண்ணை எங்கயும் பார்த்ததில்லை.

அப்புறம் அந்த அறிக்கை வந்துச்சு. பக்கத்து நாட்டு ராஜ குடும்பம் இந்த இளவரசருக்குப் பொண்ணு குடுக்க யோசிக்குது. பையன் எப்படின்னு தூதரோட அரசாங்கம் வழியா அவரைக் கேட்டிருக்காங்க. அவர் நாலு இடத்துல விசாரிச்சுட்டு எழுதினதைத் தமிழ்ல சொன்னா இப்படி வரும்: "நான் கேட்ட அத்தனை பேரும் இளவரசரின் தாயாரைப் புகழ்ந்தார்கள். குதிரைகளைப் புகழ்ந்தார்கள். கோடை மாளிகையைப் புகழ்ந்தார்கள். அவரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தத் திருமணம் வேண்டாம் என்பது என் கருத்து."

நூர்ஜகான் எழுதின சுருக்கம்: விசாரித்த அனைவரும் இளவரசரின் குடும்பத்தை உயர்வாகப் பேசினர்.

ஒரு வார்த்தை பொய்யில்லை பாருங்க. அவளைச் சொல்லியும் குத்தமில்லை. நம்ம ஊர்ல ஒருத்தரைப் பத்தி வெளியாள் வந்து கேட்டா, குறையை வாயால சொல்லமாட்டோம். வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க, நல்ல குடும்பமுங்க. அதைக் கேட்டுட்டுப் போறவங்களும் சந்தோசமாப் போவாங்க. அந்தப் பழக்கத்துல வளர்ந்தவ, தூதர் எழுதினதையும் அப்படியே படிச்சிருக்கா. கடைசி வரி கடுமையா இருக்குதேன்னு மரியாதைக்கு உட்டுட்டா.

அவளைக் கூப்பிட்டு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். திட்டறதுக்கு நாலு வார்த்தை நாக்கு நுனியில தயாரா இருந்துச்சு. அவ படிச்சா. மறுபடியும் படிச்சா.

"அக்கா, சத்தியில எங்க கொழுந்தனாருகிட்டயும் இப்படித்தாங்க சொல்லியிருக்காங்க. கடையைச் சொன்னாங்க, மாமியாரைச் சொன்னாங்க, ஊட்டைச் சொன்னாங்க" அப்படின்னா. மூலத்தை மேசையில வெச்சுட்டு, "பையனை யாருமே சொல்லலைங்க அக்கா" அப்படின்னா.

திட்டறதை உட்டுட்டு, சனிக்கிழமை நாமளே சத்திக்குப் போய் விசாரிக்கலாம்னு சொன்னேன்.

3. சத்திக்கு

சனிக்கிழமை லீவு போட்டுட்டு ரெண்டு பேரும் காந்திபுரத்துல பஸ் ஏறினோம். நிச்சயத்துக்கு முந்தின நாள் இதென்ன கிறுக்குன்னு அவ வீட்டுக்காரர் கத்தினாராம். அன்னூர் வரைக்கும் அவ போன்ல நஸ்ரின் போட்டோவையே பார்த்துட்டு வந்தா. எனக்கும் உள்ளுக்குள்ள உதைப்புத்தான். என்னைக்கோ செத்துப்போன ஒரு தூதரை நம்பி, நல்லா அமைஞ்ச இடத்தைக் கெடுத்துப்போட்டோம்னா அந்தப் பொண்ணு மூஞ்சியில எப்படி முழிக்கறது? புளியம்பட்டி தாண்டினதும் நூர்ஜகானே கேட்டா, திரும்பிப் போயிடலாமாக்கான்னு. பஸ் நிக்கலை.

மாப்பிள்ளை வீட்டு ஹார்டுவேர் கடைக்கு எதிர்ல, மாடு வெச்சுப் பால் ஊத்தற அம்மா ஒருத்தங்க வீடு. வயசானவங்க. பொண்ணு வீட்டுக்காரங்கன்னு சொன்னதும் சேர் போட்டு, மோர் குடுத்தாங்க. நல்ல குடும்பமுங்க. பையனோட அம்மா மாதிரி ஒரு மனுசி இந்த வீதியிலயே இல்லைங்க. கடையும் நல்லா ஓடுதுங்க. நானும் நூர்ஜகானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கவே இல்லை. பார்த்தா அழுதுடுவோம்னு பயம்.

கடைசியில அவ கேட்டுட்டா. "அம்மா, உங்களுக்கு ஒரு பேத்தி இருந்தா அந்தப் பையனுக்குக் குடுப்பீங்களாங்க?"

அந்தம்மா எழுந்து, பாதி குடிச்ச மோர் டம்ளரை எங்க கையிலிருந்து வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டாங்க. ரொம்ப நேரம் வரலை. மாடு கட்டுத்தறியில நின்னு எங்களையே பார்த்துட்டிருந்துச்சு. திரும்பி வந்து, பொண்ணு என்ன படிச்சிருக்குதுங்கன்னு கேட்டாங்க. பி.காம்னு சொன்னோம்.

"நல்ல படிப்பு கண்ணு" அப்படின்னு நூர்ஜகான் கையைப் பிடிச்சாங்க. "ஒரு வருசம் வேலைக்குப் போகட்டுமே. என்ன அவசரம்?"

பிடிச்ச கையை உடவே இல்லை. நூர்ஜகான் எழுந்து, வாரேனுங்கம்மான்னு கும்பிட்டா. பஸ் ஸ்டாண்டுல நின்னே வீட்டுக்குப் போன் போட்டு, நாளைக்கு நிச்சயம் இல்லைன்னு சொல்லிட்டா. அந்தப் பக்கம் போட்ட சத்தம் எனக்கே கேட்டுச்சு. சொந்தக்காரங்க பல நாள் அவகூடப் பேசலை. கொழுந்தன் இன்னும் பேசறதில்லை. பையன்கிட்ட என்ன குறைன்னு அப்புறம் காதுக்கு வந்துச்சு. அதை இங்க எழுத மாட்டேன், நானும் இந்த ஊர்க்காரிதானே.

4. கல்யாண அறிக்கை

திருத்தி அனுப்பின பேட்ச் பாஸாச்சு. மீதி அறிக்கைகளும் வரிசையா வந்துச்சு. அதுல ஒரு நாள் இளவரசர் கல்யாணமும் வந்துச்சு.

தூதர் அவ்வளவு சொல்லியும் அந்தக் கல்யாணம் நடந்திருக்கு. அவரும் விருந்தாளியாப் போய் உக்காந்திருக்கார். பூ அலங்காரம், மணியோசை, யாருக்கு எந்த நாற்காலி, எல்லாம் வழக்கம்போல எழுதியிருக்கார். தான் முன்னமே வேண்டாம்னு சொன்னதைப் பத்தி ஒரு எழுத்து இல்லை. கடைசியில மட்டும், மணப்பெண் நாள் பூரா சிரித்த முகமாக இருந்தாள்னு ஒரு வரி. அதுக்கப்புறம் வந்த அறிக்கைகள்ல அந்தப் பொண்ணு விழாவுக்கு வர்றது குறையுது. அப்புறம் உடம்பு சரியில்லைன்னு அம்மா வீட்டுக்குப் போயிடறா. எவ்வளவு பெரிய கண்ணு அந்த மனுசனுக்கு. படிக்க வேண்டியவங்க யாரும் படிக்கலையே.

புதுசா வர்ற பிள்ளைகளுக்கு நான் சொல்றது இதுதான். தப்பா இருக்கற வார்த்தையைக் கம்ப்யூட்டரே பிடிச்சுக்கும். எழுதினவர் எதைப் பத்திப் பேசியிருக்கணும், அதை ஏன் பேசலைன்னு நீங்க பாருங்க. ஆபீஸ்லயும் பாருங்க, வெளியிலயும் பாருங்க.

கல்யாண அறிக்கைக்கும் சுருக்கம் எழுதினது நூர்ஜகான்தான். முதல் ரெண்டு வரி சரியா இருந்துச்சு. மூணாவது வரியில, இந்தத் திருமணம் வேண்டாம் என்று தூதர் முன்பே எழுதியிருந்தார், அதை யாரும் படிக்கவில்லை, அப்படின்னு எழுதியிருந்தா. அந்த அறிக்கையில அது கிடையாது. மூலத்துல இல்லாததைச் சேர்த்தா அடிச்சுடணும்கறது கியூ.சி.யோட முதல் விதி. அந்த விதியை அவளுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான்.

அந்த வரியை ஒரு தரம் வாய்விட்டுப் படிச்சேன். பாஸ் போட்டு அனுப்பிட்டேன்.