மடியில் இரண்டு கடிகாரங்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்தார். அதை நம்பி, அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு ஸ்டுடியோக்காரர் வேண்டாம் என்று சொன்னவன் நான். அது செல்லை அப்படித் தின்னும் என்று தெரியாது. ராஜபாளையத்தில் போட்ட புது பென்சில் செல்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை வீட்டில் தட்டு மாற்றுவதற்குள் தீர்ந்துவிட்டன.

மாப்பிள்ளையின் அம்மாவை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. அவர் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினார். உள்ளறைக் கடிகாரத்தையும் எடுத்துவந்தார்.

“இதுல உள்ளதப் போட்டுப் பாருங்க தம்பி. நல்ல நேரம்தான் வந்துட்டுதே, இனி கடிகாரம் எதுக்கு?”

ஒரே ஒரு படம் விழுந்தது. அதில் எல்லோரும் விறைப்பாக நிற்க, அவர் மட்டும் ஓரத்தில் உட்கார்ந்து, நின்றுபோன இரண்டு கடிகாரங்களை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். அக்காவை எப்படிப்பட்ட வீட்டுக்கு அனுப்புகிறோமோ என்ற கவலை எனக்கு அன்றோடு விட்டது.