மூன்றாவது குரல்

நாற்காலியின் நான்கு கால்களையும் தரையில் போட்டிருக்கும் சாக்பீஸ் வட்டங்களுக்குள் நிறுத்திவிட்டுத்தான் என் தம்பி உட்காருவான். ஒலிபெருக்கிக்கும் அவன் காதுக்கும் இடையே சரியாக மூன்று முழம். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாது. ஒருமுறை நான் துணி மடிக்க உட்கார்ந்ததற்கு, வட்டம் கலைந்துவிட்டது என்று ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

அவன் வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. ஆனால் அவனைத் தெரிந்தவர்களுக்கு அவன் 'பாம்புச்செவி'. வீடுகளுக்கு முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்த காலத்துப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறான். அதற்கு ஒரே நேரத்தில் மூன்று குரல்கள்தான், அதாவது மூன்று ஒலிகள்தான் வரும். அந்த மூன்றுக்குள் பாட்டமைத்து 'டெமோ' என்று அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வருஷா வருஷம் நடக்கும் அவர்களுடைய போட்டியில் ஒலித்தரத்துக்கு மதிப்பெண் போடுவது என் தம்பி. ஐந்துக்குக் கீழே போட்டால் அந்தப் பாட்டு வெளியே.

பெட்டியைப் போட்டதும் பாட்டைக் கேட்க மாட்டான். "மொதல்ல சும்மா இருக்கறதைக் கேக்கணும்க்கா. அதோட இரைச்சல் தெரிஞ்சாத்தான் பாட்டோட இரைச்சல் தெரியும்" என்பான். கேட்க வரும் நண்பர்களைச் சோதிப்பதும் உண்டு. அவர்களைத் திரும்பி உட்காரச் சொல்லி, ஒரு குரலை நிறுத்தி நிறுத்திப் போட்டு, அது இருக்கிறதா இல்லையா என்று கேட்பான். தப்பாகச் சொன்னால், "காது எதுக்கு, கண்ணாடி மாட்டவா?" சிறுவயதில் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு நான் டிவி பார்த்தாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா, அக்கா படிக்கல!" என்று காட்டிக்கொடுத்தவன். பழைய டிவியின் மெல்லிய கீச்சொலி அவனுக்குக் கதவைத் தாண்டிக் கேட்கும். அடி வாங்கிய எனக்கே அதில் பெருமை.

போன ஞாயிற்றுக்கிழமை, கடைசி டெமோ. முதல் தடவையாகப் போட்டிக்கு வரும் ஒரு பெண் அனுப்பியது. மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை கேட்டான். பெட்டியைத் திறந்து ஒலி எழுப்பும் சிப்பை மாற்றிவிட்டு மறுபடி கேட்டான். பென்சிலால் 'நான்கு' என்று எழுதினான்.

"பாவம்க்கா. நடுவுல மூணாவது கொரலை ஊமையா விட்டுட்டா."

"ஊமையா? ஊசி மாதிரி ஒரு விசில் இவ்வளவு நேரமா என் காதைக் குடையுதேடா!"

சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கண் பெட்டியின் திரைக்குப் போனது. அங்கே மூன்றாவது குரலின் கோடு துள்ளிக்கொண்டிருந்தது.

"வெளையாடாதக்கா."

"இல்லடா."

"ஒயர் லூசா இருக்கும்." ஒயரை அழுத்தினான். பிறகு வலது காதைப் பொத்திக் கேட்டான். இடது காதைப் பொத்திக் கேட்டான். லிஃப்ட் மோட்டார் அறையில் காதடைப்பான் போட்டுக்கொள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். போட்டால் மோட்டார் பேரிங்கின் கரகரப்பு தெரியாது என்பான். இப்போது அதைச் சொல்லிக்காட்டாமல் ஊசியைச் சட்டையில் குத்திவைத்தேன்.

"அந்தப் பக்கம் திரும்பு" என்றான்.

சுவரைப் பார்த்து நின்றேன். விசைப்பலகையில் ஒரு தட்டல் கேட்டது.

"இருக்கா?"

"இல்ல."

"இப்ப?"

"இருக்கு."

"இப்ப?"

பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். தப்பாகச் சொன்னால் அவன் சிரிப்பான். என் காதைக் கிண்டல் செய்வான். எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் அந்தப் பெண்ணின் நான்கு நான்காகவே நின்றுவிடும்.

"இருக்கு" என்றேன்.

பத்து முறை கேட்டான். பத்தாவது முறை அவன் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நான் திரும்பியபோது தாளில் அந்த நான்கை அழித்துக்கொண்டிருந்தான்; அழித்த இடத்தில் தாள் மெலிந்துபோயிருந்தது. பாட்டை முதலிலிருந்து வைத்தான். எழுந்து பென்சிலை என்னிடம் நீட்டினான். நான் உட்காரும்போது கால்கள் வட்டத்தை விட்டு நகர்ந்துவிடாதபடி, நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.