குண்டுக்கு மீசை வரைந்தவன்

உலகத்தில் இருக்கிற அணுகுண்டுகளை ஒழிக்கப் புறப்பட்டு, கடைசியில் ஒரு கிராமத்துக்கு மழை வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டு திரும்பிய மடையன் நான். எல்லாம் நான் வரைந்த மீசையால் வந்தது.

என் கூட்டாளி அருப்புக்கோட்டையில் தையல்கடை வைத்திருக்கிறான். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த நாள் வந்தால் கடையைச் சாத்திவிட்டு, பஸ் ஸ்டாண்டு முன்னால் பேனர் பிடித்து நிற்பான். தார்ப்பாயில் அவனே ஓரம் அடித்து, 'அணுகுண்டு வேண்டாம், எவனிடமும் வேண்டாம்' என்று பெயிண்டால் எழுதியது. போகும்போதும் வரும்போதும் அதை மடித்து மடியிலேயே வைத்திருப்பான். ஒரு முனையை அவன் பிடிப்பான், மறுமுனையை நான். கொள்கைக்காகப் போனேன் என்றால் என் வீட்டிலேயே சிரிப்பார்கள். முடிந்ததும் அவன் வாங்கித் தரும் பரோட்டாவுக்காகப் போனேன்.

எங்களை வேடிக்கை பார்க்கக்கூட ஆள் கிடையாது. ஒரு வருடம் ஒருவர் நெருங்கி வந்து உற்றுப் பார்த்தார். இவன் முகம் மலர்ந்துவிட்டது. வீரசோழன் பஸ் போய்விட்டதா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எந்த நாடாவது குண்டு போடுவேன் என்று மிரட்டியதாகக் காலையில் பேப்பரில் வந்தால், அன்று அவன் மிஷின் ஓடாது. இப்போதெல்லாம் பாதி நாள் ஓடுவதில்லை. போன ஆடியில் சொன்னான்:

"இந்தத் தடவ டவுனு வேண்டாம்ல. ஏதாவது ஊருக்குள்ள போவோம். தானா ஒரு ஆளு வந்து நம்ம கூட நிக்கட்டும். வரலேன்னா இதோட விட்ருவேன்."

அவன் விட்டுவிட்டால் அவன் என்ன ஆவான் என்று எனக்குப் பயம். கூட்டம் சேர்க்க நானே ஒரு வைக்கோல் குண்டு செய்தேன். தெருவில் இழுத்துப் போய் எரிப்பதாகத் திட்டம். சாக்கில் வைக்கோலைத் திணித்து, பின்னால் இரண்டு பிரிவாக வால் வைத்தேன். அது தொங்கி இரண்டு கால் போல ஆனது. பார்ப்பவர்கள் மிரளட்டும் என்று முழிக்கிற கண்ணும் பல்லும் முறுக்கு மீசையும் வரைந்தேன்.

"ஏலே, இது குண்டா, ஒன் மாமனாரா?" என்றான்.

எம்.ரெட்டியபட்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் உள்ளே ஒரு ஊருக்குப் போனோம். கயிறு கட்டி இழுத்ததுதான் தாமதம், கதவுகள் திறந்தன. பெண்கள் தலையை விரித்துப் போட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தபடி பின்னால் வந்தார்கள். எங்கிருந்தோ தப்பு மேளம் வந்தது. ஒரு அக்கா என் கையிலிருந்த பேனர் முனையைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டார். கூட்டாளிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவனைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

வறண்ட கண்மாயில் வைத்துக் கொளுத்தினோம். அவன் கரையில் ஏறிப் பேசினான். "இந்தக் குண்டு ஒண்ணு விழுந்தா..." என்பதற்குள் பேனர் பிடித்த அக்கா கேட்டார்:

"அதெல்லாம் சரிண்ணே. எரிச்சாச்சுல்ல, மழை எப்பப் பேயும்?"

மழை பொய்த்தால் வைக்கோலில் கொடும்பாவி செய்து, தெருவில் இழுத்து, அழுது எரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஊரின் பாவம் அதோடு போய் மழை இறங்கும் என்பார்கள். இந்தக் கரிசலிலேயே பிறந்த எனக்கு அது தோன்றவில்லை. சமாளிக்க வேண்டுமே என்று, "இந்த வாரத்துலயே பேஞ்சிரும்க்கா" என்று சொல்லிவைத்தேன்.

"இவன் சும்மா சொல்றான் தாயி," என்றான் கூட்டாளி. "இது மழைக்கு எரிச்சது இல்ல. குண்டு யாரு தலையிலயும் விழக் கூடாதுன்னு எரிச்சது."

அந்த அக்கா எரிந்து முடிந்த சாம்பலைப் பார்த்தார்.

"தண்ணியில்லாம ஆடு ஒண்ணொண்ணாச் சாகுதுண்ணே. அண்ணாந்து அண்ணாந்து பாத்துக் கழுத்துதான் வலிக்குது. விழுந்தா குண்டாவது விழுந்துட்டுப் போகட்டும்."

கோபமில்லாமல்தான் சொன்னார். அவன் கரையிலிருந்து இறங்கினான். கூட்டம் கலைந்தது. நான் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, அந்த அக்காவோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவனைத் தேற்றப் பார்த்தேன். "ஒன் கணக்குப்படி ஆளு தானா வந்தாச்சுல்ல? அடுத்த வருசம் மல்லாங்கிணறுல வச்சுக்கிருவோம். மீசைய மட்டும் எடுத்துர்றேன்."

அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் கவனித்தேன், அவன் மடியில் ஒன்றும் இல்லை.

"பேனரு எங்கல?"

"ஆட்டுக் கொட்டகைக்கு மேல போடக் குடுத்துட்டேன்."