வெட்டாமல் விட்ட நாணல்

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்க்காக ஒரு சிறுமி அடி வாங்கினாள்... பக்கத்தில்தான் நின்றேன்.

கேளுங்கள். காரைக்காலின் கழிவுநீர் முதலில் தொட்டியில் தெளியும். பிறகு நாணல் நட்ட ஜல்லிப் படுகைக்குள் நுழைந்து, வேர்களினூடே ஊர்ந்து, நாற்றம் இழந்து வாய்க்காலில் இறங்கும். செல்வியின் மல்லிகைத் தோட்டத்துக்கு அதுதான் பாசனம். படுகையைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

நாணலை உரிய காலத்தில் வெட்ட வேண்டும். நான் வெட்டவில்லை! தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன; காற்றில் கதிர்கள் வெள்ளியாய்ச் சாய்ந்தன... அழகு என்று விட்டேன். அழகா, சோம்பலா? இன்றுவரை எனக்கே தெரியாது.

காய்ந்த நாணல் தண்டுகள் விழுந்து மட்கி ஜல்லியை அடைத்தன. நீர் மேலேறிச் சாலைக்கு வழியப் பார்த்தது. என் வேலையின் லட்சணம் ஊருக்குத் தெரிந்துவிடுமே! படுகையைத் தொடாமல் சுற்றிப்போகும் குழாயைத் திறந்துவிட்டேன். சுத்தமாகாத நீர் நேரே வாய்க்காலுக்குப் போனது. ஒன்பது நாள்.

மூன்றாம் நாள் செல்வி வந்தாள்.

“என்னண்ணே, இந்த நாத்தம் நாறுது? இதுல வளந்த பூவப் போட்டா சாமியே மூக்கப் பொத்திக்கும்!”

“மழைத்தண்ணி கலந்துருக்கும்மா. ஒண்ணுமில்ல, பாய்ச்சு.”

‘மடையை அடைத்துவிடு’ என்றிருக்கலாம். அவ்வளவுதானே...

பள்ளி விட்டதும் வெறுங்காலோடு வாய்க்காலில் இறங்கி மடை திறப்பவள் அவள் மகள். அந்த வாரமே வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

பிழைத்து வந்த பிள்ளையின் மெலிந்த முதுகில் என் கண்ணெதிரே இரண்டு வைத்தாள் செல்வி.

“பஸ் ஸ்டாண்டுல பானிபூரி தின்னுருக்காண்ணே, கழுத!”

“நான் திங்கலம்மா...”

நான் என்ன செய்தேன் தெரியுமா? “வெளியில கண்டதத் திங்கக்கூடாது பாப்பா” என்றேன்!

பிறகு நாணலை வெட்டினேன். ஜல்லியைத் தோண்டிக் கழுவினேன். இன்று நீர் தெளிவு. சோதனை அறிக்கையும் அதையே சொல்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் தயங்கினால், “எங்கண்ணன் சொல்லிட்டா கண்ண மூடிட்டுப் பாய்ச்சலாங்க” என்கிறாள் செல்வி.

வீட்டில் அவள் மகளுக்கு இன்னும் ‘பானிபூரி’ என்றுதான் பெயர். சிரித்துக்கொண்டே கூப்பிடுகிறார்கள். அவள் சிரிப்பதில்லை.

அந்தப் பெயரை எடுத்துவிட என்னால் முடியும். நாளைக்கே முடியும்...

நேற்றும் முடிந்திருக்கும்.