மூதூர் லைனும் மூன்று விநாடியும்

பிரகலாதன் அண்ணையைப் போல இன்னொருவர் எங்கள் அலுவலகத்தில் இருந்தால் நான் வேலையை விட்டே ஓடியிருப்பேன். கடலோரத்து ஓர்ஸ் ஹில்லில் ஒரு சின்ன இணைய நிறுவனம். முறைப்பாட்டு அழைப்புகளை எடுப்பது நான், பிரியதர்சினி. லைனைத் திருத்துவது அவர். "லைன் சரியோ?" என்று கேட்டால் ஓம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். "வருது. எப்பிடி வருதெண்டதுதான் கேள்வி" என்பார்.

அவருடைய பைத்தியம் இடைவெளி. நாம் பேசும் குரலை கம்ப்யூட்டர் சின்னச் சின்னப் பொதிகளாக்கி அனுப்புகிறது. எங்கள் கட்டடம்வரை கம்பியில் அவை விநாடிக்கு ஐம்பது என்று ஒரே சீராக வரும். அதன்பின் அன்டெனா வழியே குடாவைக் கடந்து மறுகரை மூதூருக்குப் போகும்போதும் அங்கிருந்து வரும்போதும் சில பிந்தும், சில முட்டி மோதிக்கொண்டு போகும். பிந்தினால் கேட்பவர் காதில் மௌனம்தான். அந்த மௌனங்களை அவர் நாள் முழுக்கத் தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருப்பார்.

அன்று எங்கள் மூதூர் வாடிக்கையாளர் பஸ்மியா அழுதுகொண்டே அழைத்தார். வெளிநாட்டு வைத்தியசாலை ஒன்றின் டொக்டர்மாருக்கும் தமிழ் நோயாளிகளுக்கும் இடையில், வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்க்கும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அதற்கான குரல் பரீட்சையில் தோற்றுவிட்டார்.

"தடுமாறி நின்டு நின்டு கதைக்கிறன் என்டு எழுதியிருக்காங்க மிஸ். அல்லாவே, நான் நிக்கவே இல்ல! சனிக்கிழமை பத்து மணிக்கு இன்னொரு தரம் தாறாங்க. அதோட சரி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் லைனின் பிழைக்கு அந்தப் பிள்ளை தடுமாறுகிறவள் என்று பேர் வாங்குவதா? அண்ணையோ வியாழன்வரை புள்ளிதான் வைத்தார்.

"இன்னும் படம் கீறிறீங்களே?" என்று தாளைப் பறித்தேன். திங்கள் காலை ஆறு மணிக்கு லைன் மோசம். செவ்வாய் ஆறு ஐம்பது. புதன் ஏழு நாற்பது. இன்று, வியாழன், எட்டரை. நான் உப்புவெளி மீன்பிடிக்காரரின் மகள். நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போவது எதுவென்று எனக்குத் தெரியாதா?

"அண்ணை, இது கடல் வத்துற நேரமெல்லோ!"

அவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "அட! அன்டெனாவிலயிருந்து நேராயும் போகுது, தண்ணியில பட்டுத் தெறிச்சும் போகுது. தண்ணி இறங்கேக்க ரெண்டும் ஒண்டையொண்டு கெடுக்குது!" பரிசு விழுந்தவர் மாதிரிச் சிரித்தார்.

"சிரிக்காதேங்கோ. சனி பத்து மணிக்கும் வத்துமே!"

அன்டெனாவை உயர்த்தினால் சரிவரும், ஆனால் அதற்கு ஏழு நாளாவது வேண்டும். அவர் யோசித்தார். "அப்ப அவவை இஞ்ச வரச் சொல்லுங்கோ. இஞ்ச வாற கம்பிக்கு நடுவில கடல் இல்ல."

சனிக்கிழமை பஸ்மியா முதல் பஸ்ஸிலேயே வந்து அண்ணையின் கதிரையில் அமர்ந்தார். நாங்கள் இருவரும் பக்கத்துத் திரையில் பொதிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் டொக்டராக நடித்தவர் ஒரு வசனம் சொன்னார்: வயிற்றிலிருக்கும் பிள்ளையின் இதயம் நின்றுவிட்டது என்று. அதைப் பஸ்மியா தாயிடம் தமிழில் சொல்ல வேண்டும்.

பஸ்மியாவின் குரல் வரவில்லை. ஒரு விநாடி. இரண்டு. மூன்று.

"ஐயோ, லைன்!" என்று அண்ணையின் கையை நுள்ளினேன். அவர் திரையைக் காட்டினார். பொதிகள் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தன.

லைன் அறுந்ததா என்று பரீட்சகர் ஆங்கிலத்தில் கேட்டார். "இல்லை, லைன் நன்றாக இருக்கிறது. நான்தான் நின்றேன்" என்று பஸ்மியாவும் ஆங்கிலத்திலேயே சொன்னார். பிறகு அந்த வசனத்தைத் தமிழில், மெதுவாக, ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னார். நான் அழுதுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அழைப்பு வந்தது. "மிஸ், வேலை கிடைச்சிட்டு! அண்ணன்ட்டக் குடுங்க, நானே சொல்லணும்."

போனைக் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்தபடி ஒன்றும் பேசாமல் நின்றார். நான் திரையை எட்டிப் பார்த்தேன். லைனில் ஒரு பிழையும் இல்லை.